திரேசியாவின் சியூதெஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அலெக்சாந்தரின் தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்ட கதையைச் சொல்லும் தங்கள் தொடர் சிறப்பாக இருக்கிறது. ஆயினும், இன்றைய பல்கேரியாவை உள்ளடக்கிய திரேசியா, அத்தளபதிகளில் ஒருவரான லைசிமேக்கஸின் கைக்கு வந்தது என்று ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குக் குறையாகப்படுகிறது. அந்த நாட்டின் உட்பகுதியில் ஓட்ரிசியர் என்னும் குடியின் மன்னர் மூன்றாம் சியூதெஸ் அப்போது ஆண்டுகொண்டிருந்தார். அவரைப் பணியவைப்பது லைசிமேக்கஸுக்கு எளிதாக இருக்கவில்லை.

கி.மு. 323 வாக்கில் நடந்த முதல் போரில் சியூதெஸிடம் 20,000 காலாட்களும் 8,000 குதிரைவீரர்களும் இருந்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் லைசிமேக்கஸ் பலரை இழந்து, ஐயத்துக்குரிய வெற்றியோடுதான் திரும்பினார் என்று கிரேக்கரான டயோடோரஸே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. பத்தாண்டுகள் கழித்து, கி.மு. 313இல், லைசிமேக்கஸை எதிர்த்த மற்றொரு தளபதியான ஆன்டிகோனஸின் பக்கம் சேர்ந்துகொண்டு, ஹீமஸ் (இன்றைய பால்கன்) மலைக் கணவாயை மறித்து நின்றவரும் இதே சியூதெஸ்தான். அந்த முறை லைசிமேக்கஸ் தடையை உடைத்துக்கொண்டு போய்விட்டார்.

போர்களைவிட சியூதெஸ் கட்டிய நகரமே என்னை அதிகம் ஈர்க்கிறது. இன்றைய பல்கேரியாவில் கசான்லாக் அருகே, கிரேக்க முறையில் நேரான தெருக்களும் சந்தைச் சதுக்கமும் கொண்டு எழுந்த சியூதோபோலிஸ், 1948இல் அணை கட்டும் பணியின்போது வெளிப்பட்டது. அகழாய்வுக்குப் பின் கோப்ரின்கா நீர்த்தேக்கத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அரசி பெரெனிகேயும் அவருடைய மகன்கள் நால்வரும் எடுத்துக்கொண்ட உறுதிமொழியைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டு அங்கே கிடைத்திராவிட்டால், அந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

2004இல் தொல்லியலாளர் கியோர்கி கிதோவ் அகழ்ந்த கோல்யாமா கோஸ்மாட்கா மேட்டின் கல்லறையில் பொன் இலைமாலையும், சியூதெஸ் பெயர் பொறித்த தலைக்கவசமும், குதிரையின் எலும்புக்கூடும் இருந்தன. கல்லறை வாயிலுக்கு முன்னே மன்னரின் வெண்கலத் தலை தனியே புதைக்கப்பட்டிருந்தது. நீண்ட தாடி, சுருக்கம் விழுந்த நெற்றி, கண்ணாடியும் கல்லும் பதித்த விழிகள், செம்பில் வெட்டிய இமைமயிர்கள்: அழகுபடுத்தாமல், முதிர்ந்த ஒரு மனிதரை உள்ளபடியே வடித்திருக்கிறார் சிற்பி.

தொடர் நூலாக வெளிவருமானால், சியூதெஸுக்கு ஓர் அத்தியாயமும் அந்த வெண்கலத் தலையின் படத்துக்கு ஒரு பக்கமும் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி