அப்பாவின் பாதம் ஆறியது: நன்றி மடல்

அப்பாவின் வலது பாதத்தில் இருந்த சர்க்கரைப் புண் ஏழு மாதத்துக்குப் பிறகு முழுசாக மூடிவிட்டது. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்த வீடு இது. அதனால் நன்றியை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கட்டு மாற்றிய சிஸ்டருக்கு. தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை பொங்கினால் கிருமி சாகிறது என்று நம்பியிருந்தோம். வளர்கிற சதையையும் அது கெடுக்கும் என்று சொல்லி நிறுத்தினீர்கள். சலைனால் கழுவினால் போதும் என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தீர்கள்.

செத்த சதையை நீக்கிய சர்ஜனுக்கும், சீழ்ப் பரிசோதனையைப் பார்த்துச் சரியான ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் நன்றி.

பரிசோதனைக்கூட டாக்டர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புண்ணில் இருந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்று சொன்னதோடு நீங்கள் நிற்கவில்லை. எல்லாப் பாக்டீரியாவும் பகை இல்லை, அதன் சொந்தக்காரர்களிலேயே அதை அடக்குகிறவை உண்டு என்றீர்கள். ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் 187 நோயாளிகளின் மூக்கில் சோதித்த கதையைச் சொன்னீர்கள். லுக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியா இருந்தவர்களில் 5.9 சதவீதம் பேரிடம்தான் ஆரியஸ் இருந்ததாம், இல்லாதவர்களில் 34.7 சதவீதம். அது சுரக்கும் லுக்டுனின் என்ற பொருள் ஆரியஸைக் கொல்கிறது என்று 2016-இல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் அதையே அப்பாவின் புண்ணில் தடவலாமே என்று கேட்டேன். கூடாது என்றீர்கள். அதே லுக்டுனென்சிஸ் ரத்தத்தில் கலந்தால் இதய வால்வையே தாக்கும், பாதுகாப்பான வழி தெரியும்வரை யாரும் சர்க்கரைப் புண்ணில் விளையாடக்கூடாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஆசை காட்டி அனுப்பியிருந்தால் நான் எங்கெங்கோ அலைந்திருப்பேன். அந்த 'கூடாது'க்குத்தான் என் பெரிய நன்றி.

முகம் தெரியாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மூக்கிலிருந்து மாதிரி கொடுத்த அந்த 187 பேர். அப்புறம், அமெரிக்காவில் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட சோதனையில் கலந்துகொண்ட, கரப்பான் நோயுள்ள 54 பேர். ஆரோக்கியமான மனிதத் தோலிலிருந்து எடுத்த ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவை லோஷனில் கலந்து ஒரு வாரம் தடவிப் பார்த்தார்கள். தோலில் ஆரியஸ் குறைந்தது. அது புண்ணுக்கான சோதனை இல்லைதான். ஆனாலும் என்றாவது அப்பா மாதிரி ஒருவரின் புண்ணுக்கு இப்படி ஒரு மருந்து வந்தால், அதற்கு முதலில் தோலைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனுக்கும், பாதத்தை அளந்து எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு தைத்துக் கொடுத்த பெரியவருக்கும் நன்றி.

சிஸ்டர், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னீர்களே, அப்பா ஒரு நாள் தவறாமல் பார்க்கிறார்.