புதுப் பெயின்ற் அடித்த வீடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கொழும்பில் கம்பஸ் கிடைத்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோசம், தங்கச்சியிடமும் சொல்லு. மிச்ச நாலு பக்கமும், இங்கே வாங்கப் பார்க்கிற இரண்டு வீட்டைப் பற்றிய கவலைதான் எழுதியிருக்கிறாய். வீட்டு உறுதிப் பத்திரம் முடித்துக் குடிபோன பிறகு பழுது வெளியில் வந்தால் என்ன செய்வது என்கிறாய். இந்த ஊரில் ஒளிந்திருக்கும் பழுதில் பெரும்பாலானது தண்ணீரால் வருவது. வீடு பார்க்கப் போனால் தண்ணீர் போகிற வழியைத் தேடிக்கொண்டு போ. விறாந்தை, பன்ரி எல்லாம் தங்கச்சி பார்ப்பா.

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் முதல் வீட்டில் பயப்பட வேண்டியது கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு. உப்புக்காற்று வருசக்கணக்காகக் கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடும். கழுவாத கடல்மணலில் கட்டியிருந்தால் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் கொங்கிறீட் உள்ளிருந்து வெடித்துக் கழன்று விழும். பல்கனியின் அடி, யன்னல் சன்ஷேட்டின் அடி, தண்ணீர்த் தாங்கி நிற்கும் தூண், மொட்டைமாடிக்குப் போகும் படியின் அடி என்று யாரும் அண்ணாந்து பார்க்காத இடங்களைப் பார். கம்பி போகிற நேரில் கோடு கோடாய் வெடிப்பு, அதில் செம்பழுப்புக் கறை இருந்தால் அதுதான். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. நல்ல கொங்கிறீட் கணீரென்று சொல்லும், உள்ளே பிரிந்தது பொத்தென்று சொல்லும்.

அங்கே புதுப் பூச்சும் புதுப் பெயின்றும் கண்டால் சந்தேகப்படு. விற்க முதல் மேசனைக் கூப்பிட்டு உதிர்ந்த இடத்தில் சீமெந்து அப்பிவிடுவது வழக்கம். சுற்றியுள்ள பழைய கொங்கிறீட்டில் உப்பு அப்படியே இருக்கும். ஒட்டுப்போட்ட இடம் தப்பும், அதன் ஓரத்தில் கம்பி முன்னையைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஒழுங்கான திருத்தம் என்றால் கம்பிக்குப் பின்னாலும் ஒரு அங்குலம் கொத்தியெடுத்து, துருவை இரும்பு தெரியத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூசி, அதற்கென்று விற்கிற பொலிமர் சாந்தால் மூட வேண்டும். பல்கனி ஒன்றுக்கே இந்த வேலை என்றால் விலை பேசும்போது அது கணக்கில் வரவேண்டும். உதிர்ந்த இடத்தில் புதிதாக உடைத்த முகத்தில் பினோத்தலீன் கரைசல் ஒரு சொட்டு விடச் சொல்லு. இளஞ்சிவப்பாக மாறினால், கம்பியைத் துருவிலிருந்து காக்கிற கொங்கிறீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறம் வராத ஆழம் கம்பி வரைக்கும் போயிருந்தால் கம்பிக்குக் காவல் இல்லை. ஆனால் உப்பு இருக்கிறதா என்பதை இந்தச் சொட்டு சொல்லாது. அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தெஹிவளைக்கு உள்ளே, கால்வாய்ப் பக்கத்து இரண்டாவது வீட்டின் கதை வேறு. கொழும்பின் தாழ்நிலங்களில் பல இடங்களில் மக்கிய தாவரமண் படை இருக்கிறது. அதற்கு மேல் மண் கொட்டி நிரப்பிக் கட்டினால் வருசக்கணக்காக அமிழும், அதுவும் ஒரே அளவாக அமிழாது. வெடிப்பு எல்லாவற்றுக்கும் பயப்படாதே. உன் வங்கி அட்டை முக்கால் மில்லிமீற்றர் தடிப்பு. அது நுழையாத மயிர்வெடிப்பு பூச்சுக் காய்ந்ததால் வந்ததாக இருக்கலாம். யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்குகிற வெடிப்பு அத்திவாரம் அசைந்த அடையாளம். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் எஞ்சினியர் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதே. மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூப் ஒன்று 10 மீற்றர் நீளத்தில் எடுத்துக்கொண்டு போய் மூலைக்கு மூலை நிலமட்டத்தைப் பார். கதவுகளின் மேல்விளிம்பில் அண்மையில் சீவிய தடம் இருக்கிறதா என்றும் பார்.

அந்த வீட்டின் மேல்மாடி பிறகு கட்டியது என்று எழுதியிருந்தாய். கீழ்ச் சுவரின் தடிப்பைக் கதவு நிலையடியில் அளந்து பார். பூச்சோடு 10 அங்குலம் வரவேண்டும். ஐந்து ஆறுதான் வருகிறது, தூணும் இல்லை என்றால் ஒற்றைச் செங்கல் சுவர் மாடியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. மாநகர சபை அனுமதித்த பிளானில் அந்த மாடி இருக்கிறதா, பிளான்படி கட்டியதாகச் சபை தருகிற ஒத்திசைவுச் சான்றிதழை அதற்கும் சேர்த்து எடுத்திருக்கிறார்களா என்று அதோடு கேள். படுக்கையறைச் சுவரில் நாலடி உயரத்துக்கு ரைல்ஸ் ஒட்டியிருந்தால் அது அலங்காரம் அல்ல, நிலத்தடி ஈரம் ஏறுவதை மறைக்கிற வேலை. அந்த ஈரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்குள் நின்றுவிடும், மேலே உப்புப் பூத்த கோடு தெரியும். சந்தேகமான இடத்தில் ஓரங்களை நாடாவால் அடைத்துப் பொலித்தீன் தாள் ஒன்றை ஒட்டி ஒரு நாள் விடு. உள்பக்கம் வியர்த்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. கீழ்ச் சொக்கெற்றுகளை எல்லாம் இடுப்புயரத்துக்கு மாற்றியிருந்தால் வெள்ளம் எதுவரை வந்தது என்று அயலில் விசாரி. விற்கிறவர் மறந்தாலும் பக்கத்து வீட்டு ஆச்சி மறக்க மாட்டா.

மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து ஒரு அங்குலத் தண்ணீர் கட்டி, அடுத்த நாள் கீழ்ச் சீலிங்கைப் பார். எல்லாப் பைப்பும் பூட்டி, தாங்கியும் நிரம்பிய பிறகு தண்ணீர் மீற்றர் சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது. மின்சாரத்தில், கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி விழுந்துவிட்டது என்று திருப்திப்படாதே. வீட்டில் ஏர்த் இல்லாவிட்டாலும் அது விழும். எலெக்ட்ரீசியன் ஒருவர் மெகர் என்கிற கருவி கொண்டு வந்து வயரின் காப்பைப் பார்க்கவேண்டும், ஏர்த்தையும் தனியாகச் சோதிக்கவேண்டும். கறையானுக்குக் கதவு நிலைகளின் அடியை ஸ்குரூட்ரைவரால் குத்திப் பார்த்தால் போதும். பின்பக்கக் கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் துளைக்கவும் தேய்க்கவும் யாரையும் விடாதே.

சட்டம் கைகொடுக்குமா என்று கேட்டிருந்தாய். இங்கே காணி, வீட்டு விற்பனைக்கு ஒல்லாந்தர் காலத்திலிருந்து வருகிற ரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. வாங்கும்போது பார்த்தால் தெரியாத பெரிய பழுதுக்கு விற்றவர் பொறுப்பு, விலைக்குறைப்புக் கேட்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததற்குப் பிறகு வழக்குப் பேச முடியாது. உள்ள நிலையில் வாங்குவதாக உறுதியில் ஒரு வரி போட்டால் உன் கை இன்னும் இறுகிவிடும். அந்த வரியை வாசித்துப் பார்க்காமல் ஒப்பமிடாதே. நீதிமன்றத்துக்குப் போனால் வருசங்கள் போகும். ஆகவே திருத்த வேலை முடியும் வரை ஒரு தொகையைப் பிடித்துவைக்கும் நிபந்தனையை விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதுவி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அந்த உடன்படிக்கையும் உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். வெறும் கடதாசியில் எழுதி முற்பணம் கொடுத்தால் வீட்டைக் கேட்டு வழக்காட முடியாது.

என்னைக் கேட்டால் கடற்கரை வீடு. துருப்பிடித்த கம்பிக்கு ஒரு விலை போட்டுக் கழிக்கலாம். அமிழ்கிற நிலம் எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெயில் நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகாதே. ஐப்பசியில் வா, பின்னேரத்தில் இடியோடு கொட்டுகிற மழை ஓய்ந்த உடனே இரண்டு வீட்டுக்கும் போவோம். வருகிற திகதியை எழுது. தண்ணீர் டியூபும் சுத்தியலும் இங்கே இருக்கிறது, நல்ல ரோர்ச் ஒன்று மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்