நெருப்புச் சட்டியும் பிஸ்டன் மேடமும்

பெங்களூரு
ஜனவரி 19

அன்புள்ள விஜி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் கழிந்து பதில். திட்டாதே. முட்டி வலி, பேத்தியின் பரீட்சை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று மூன்று சாக்கு தயாராக வைத்திருந்தேன். எதுவும் உன்னிடம் செல்லாது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு நாள் காலை இவர் குளிக்கப் போனார். இவர் குளியல் உனக்குத் தெரியும், பாட்டோடு அரை மணி நேரம். பாட்டு நின்றது எனக்கு உறைக்கவே இல்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கீழ் வீட்டுப் பையன் ஓடி வந்து தாழ்ப்பாளை உடைத்தான். சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். கூடத்துக்கு இழுத்து வந்து ஜன்னலையெல்லாம் திறந்து போட்டதும் கண் விழித்து, "ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினேன். 98 காட்டியது. அப்பாடா, வெறும் தலைச்சுற்றல் என்று நான் காபி கலக்கப் போய்விட்டேன்! அந்தப் பையன்தான் விடவில்லை, ஆட்டோ பிடித்தான். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் கேஸ் கீசரா?" ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைப் போல 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்தச் சனியனைப் பிடித்துக்கொள்ளுமாம். ஆக்ஸிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, 98 என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். மூக்கில் முகமூடி மாட்டி, அன்று முழுக்கச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். பாடுகிறார். சுருதி முன்பும் சேர்ந்ததில்லை, இப்போதும் சேரவில்லை.

விஜி, அந்தக் குளியலறை ஜன்னலை அடைக்கச் சொன்னதே நான்தான். டிசம்பர் குளிர், கொசு வேறு. பழைய காலண்டர் அட்டையை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். "கச்சிதம்" என்று நானே சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் வெப்ப இயக்கவியல் நடத்தியவள்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, நமக்கு இந்தப் பாடம் எடுத்த பிஸ்டன் மேடம்தான் கண்ணெதிரே வந்தார். "முதலில் கோடு போடு, அப்புறம் பேசு." நீ புள்ளிக்கோடு போடாமல் மூன்று மார்க்கைக் கோட்டைவிட்டு, ஒரு வாரம் அவருக்கு வணக்கம் சொல்லாமல் திரிந்தாயே! எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைச் சுற்றிப் போடும் எல்லைதான் அந்தக் கோடு: பொருளும் ஆற்றலும் அதைத் தாண்டினால் திறந்த அமைப்பு, ஆற்றல் மட்டும் தாண்டினால் மூடிய அமைப்பு, இரண்டும் தாண்டாவிட்டால் தனித்த அமைப்பு. நானும் ஒவ்வொரு ஜூனிலும் குக்கரை வைத்தே நடத்தினேன்: விசில் வரும்வரை மூடியது, விசில் அடித்தால் திறந்தது. பிள்ளைகள் சிரிக்கும், மணி அடிக்கும்.

அந்தக் குளியலறையைச் சுற்றி ஒரு கோடு போட்டுப் பார். தண்ணீர் வருகிறது, போகிறது. ரப்பர் குழாய் வழியாக கேஸ் வருகிறது. அப்படியானால் திறந்த அமைப்பு, முழு மார்க். ஆனால் காற்றுக்கு மட்டும் வழி இல்லை. ஒரு பங்கு புரொபேன் முழுசாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும், அதாவது சுமார் 24 பங்கு காற்று. ஐந்தடிக்கு ஆறடி அறையில் அது எத்தனை நேரம் தாங்கும்? காற்று குறையக் குறைய அரைகுறையாக எரிந்து, மோனாக்சைடைக் கக்கும். திறந்ததா மூடியதா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதே தப்பு என்று இப்போது படுகிறது. எதற்குத் திறந்தது, எதற்கு மூடியது என்று தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். மேடம் இருந்தால் சண்டை போடலாம்.

அமெரிக்காவில் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்று மூன்று ஏக்கருக்குக் கண்ணாடிக் கூண்டு கட்டி, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே விட்டுப் பூட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? வெயில் வரலாம், கரண்ட் வரலாம், காற்று வரக்கூடாது. அச்சு அசல் பாடப் புத்தகத்து மூடிய அமைப்பு. ஆனால் பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணாக வேண்டும் என்று கொட்டிய மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்தன. அப்படியென்றால் அதற்கு ஈடாகக் கரியமில வாயு ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை, கணக்கு இடித்தது. கடைசியில் பார்த்தால், பூசாத கான்கிரீட் அதை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக வைத்துக்கொண்டிருந்தது. வெறும் எல்லைக்கோடு என்று நினைத்த சுவரே உள்ளே ஒரு ஆளாக இருந்திருக்கிறது! 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகக் கட்சி பிரிந்தது தனிக் கதை. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் அதற்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மூன்று ஏக்கருக்குப் பதினாறு மாதம். என் குளியலறைக்கு ஒரு குளியல் போதும்.

சரி, இதையெல்லாம் எழுதுவது உனக்குப் பாடம் நடத்த அல்ல. உன் தீபாவளிக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். "கோத்தகிரி குளிருக்கு ராத்திரி ரூமில் நெருப்புச் சட்டி வைத்துக்கொள்கிறேன், நல்ல கரி, புகையே வராது, கதவைச் சாத்தினால் சொர்க்கம்." படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. புகை வராததுதான் ஆபத்து. சிலிண்டர் கேஸிலாவது மணத்துக்கென்று ஒன்றைச் சேர்க்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லும். இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கனன்று கிடக்கும் கரி ராத்திரி முழுக்க இதைத்தான் விட்டுக்கொண்டிருக்கும். தூக்கத்தில் வந்தால் தலைவலிகூடத் தெரியாது. நீயோ தனியாக இருக்கிறாய். தாழ்ப்பாளை உடைக்கக் கீழ் வீட்டில் பையனும் இல்லை.

இன்றைக்கே அந்தச் சட்டியைத் தூக்கி வராந்தாவில் வை. இரண்டு கம்பளி போர்த்திக்கொள், வெந்நீர்ப் பை வாங்கு, என் மருமகள் பின்னிய அந்தக் கோரமான ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். நாங்கள் கீசரைக் கழற்றி வெளிச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டோம், அட்டையையும் கிழித்தாயிற்று. கொசு கடிக்கிறது, கடிக்கட்டும்.

பதில் ஒரு வரி போதும்: சட்டி எங்கே இருக்கிறது? வருகிற சனிக்கிழமைக்குள் வராவிட்டால் பஸ் ஏறி வந்து நானே பார்ப்பேன். என் முட்டியை நினைத்தாவது எழுது.

அன்புடன்,
கற்பகம்