தொடர் முறிந்தது என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள்

மருத்துவமனையின் டிஜிட்டல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், மனநலச் செயலியை வடிவமைத்த குழுவினருக்கும் வணக்கம்.

முன்பு நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் ‘தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரே பதில்தான் வந்தது என்பதால், இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தங்களிடம் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறும் என் தம்பி, மருத்துவர் சொன்னதற்காகச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றி, 26 நாள்கள் தவறாமல் தன் மனநிலையைப் பதிந்து வந்தான். 27ஆம் நாள் அவனால் எழ முடியவில்லை. நான்கு நாள்கள் பல் துலக்கவில்லை. தலைமாட்டில் வைத்த கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் தானாகவே எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாகச் செயலியைத் திறந்தான். ‘உங்கள் தொடர் முறிந்தது’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரியும், அதன்கீழ், 26 வரை வந்திருந்த நாள் கணக்கின் இடத்தில், பெரிதாக ஒரு 0வும் இருந்தன. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இதுலயும் தோத்துட்டேன்க்கா” என்றான். மறுபடி படுத்தவன் எழுவதற்கு மேலும் இரண்டு நாள்களாயின.

எழ முடியாமல் போவதுதான் இந்த நோய். மொழி கற்பதற்கும் நடைப்பயிற்சிக்கும் பொருந்துகிற நாள் கணக்கை இங்கே கொண்டுவந்து வைப்பது, காய்ச்சல்காரரிடம் உடம்பு சுட்டதற்காக அபராதம் கேட்பதற்கு ஒப்பாகும். இந்த நோயோடு வாழ்ந்த ஒருவர் தங்கள் வடிவமைப்பு மேசையில் அமர்ந்திருந்தால், முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர்களைத் தொடக்கத்திலிருந்தே உடன் அமர்த்துங்கள் என்பதே என் கோரிக்கை.

மனச்சோர்வு எவ்வளவு என்று அறியச் செயலியில் தாங்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் கடந்த இரண்டு வாரங்களில் வந்ததா என்று கேட்கிறது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் ஒரு மனிதர் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது தங்கள் மருத்துவர்களுக்குத் தெரியும். தம்பி ‘சில நாள்கள்’ என்று பதிந்தபோது, ‘மொத்த மதிப்பெண் 27க்கு 13, மிதமானது’ என்ற முடிவும், பச்சை நிறச் சரிக்குறியும், ‘நன்றி’யும் மட்டுமே வந்தன. எவரும் அழைக்கவில்லை. 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இயங்கும், தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணைக்கூட அந்தத் திரை காட்டவில்லை. கேட்கக் கூடாத கேள்வி அல்ல அது. கேட்டுவிட்டுப் போய்விடக் கூடாத கேள்வி.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஆர்வமிழப்பை அனுபவிக்கிறீர்களா’ என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. “எதுலயும் மனசு ஒட்டல”, “நெஞ்சு பாரமா இருக்கு” என்பார்கள். பலர் உடம்புவலி என்றே தொடங்குவார்கள். ஒப்புதல் படிவமோ முழுவதும் ஆங்கிலத்தில், ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகும் நிலையில் இருப்பவரிடம் நீட்டப்படுகிறது. அவர் எதற்குச் சம்மதித்தார் என்று தாங்கள் உண்மையாகவே நம்புகிறீர்கள்?

கோபம் சற்று மிகுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரைப் பார்க்கும் இரண்டு நாள்களுக்கு இடையில் நீளும் வாரங்களில் அவனுக்கு ஒரு துணை தேவைப்படுகிறது. ஆகவே, நாள் கணக்கை நீக்குங்கள். ஒன்பதாம் கேள்வியின் பதில் அன்றே ஒரு மனிதரைச் சென்றடையச் செய்யுங்கள். அடுத்த பதிப்பைத் தொடங்குமுன் நோயோடு வாழ்பவர்களை உரிய ஊதியம் தந்து உடன் அமர்த்துங்கள் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

தம்பி இப்போது பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதி வருகிறான். விட்டுப்போன நாள்களுக்கு அங்கே எந்தக் குறியும் இல்லை. தாங்கள் அழைத்தால் வரச் சம்மதம் என்கிறான். சந்திப்பை மாலையில் வையுங்கள். காலை நேரம் அவனுக்கு மிகவும் கடினம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா