ஓடுகிற புத்தகமும் உட்கார்ந்திருக்கிற புத்தகமும்

கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. "ஓடுறதை மட்டும் வைம்மா, மத்ததையெல்லாம் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பிடு" என்று நம் புத்தகக் கடைக்குப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாய். கணக்கை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போனில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

ஓடுவதில் முதல் ஆள் இன்னமும் 'பொன்னியின் செல்வன்'தான். 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த, கல்கி எழுதிய கதை. 2022-இல் படம் வந்ததும், கடைப்படி ஏறாதவர்கள்கூட ஐந்து பாகமும் கேட்டு வந்தார்கள். நாட்டுடைமை ஆகிவிட்டதால் ஆளாளுக்குப் போடுகிறார்கள். சில மலிவுப் பதிப்புகளில் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் விற்கிறேன். வயதானவர்களுக்கு மணியம் ஓவியம் போட்டதுதான் வேண்டும். பழையாறை பார்க்க வருகிற பிள்ளைகள் கடையில் நின்று, கதையில் வருகிற குடந்தை சோதிடர் வீடு எங்கே இருந்தது என்று என்னைக் கேட்கிறார்கள்! கல்கிதான் வந்து சொல்ல வேண்டும். சிரித்தாலும், வாடகை கட்டுவது அந்தப் புத்தகம். அதை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

படித்து முடித்துவிட்டு "அடுத்து என்ன படிக்கலாம் ஆன்ட்டி?" என்று திரும்பி வருவார்கள் பார், அங்கேதான் எனக்கு வேலை. 'சிவகாமியின் சபதம்', 'வேள்பாரி' என்று அவர்கள் செல்போனே சொல்லிவிடும். நான் கேட்பது ஒன்றுதான்: "பொன்னியின் செல்வன்ல உனக்கு யாரைப் பிடிச்சுது?"

வந்தியத்தேவன் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப்போர் காலத்து மெடான், பினாங்கு என்று அலைகிற பாண்டியனை அவர்களுக்குப் பிடித்துப்போகும். படகோட்டுகிற பூங்குழலி என்றால் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. சின்னப் புத்தகம், பிலோமியை மறக்க மாட்டார்கள். நந்தினி என்கிறவர்களிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன்.

அப்படித்தான் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "நந்தினி கெட்டவ இல்ல ஆன்ட்டி, அவளுக்கு நடந்ததுதான் கெட்டது" என்றாள். 'மோகமுள்' வரை போன கையை இழுத்துக்கொண்டு, எம்.வி. வெங்கட்ராமின் 'நித்ய கன்னி'யை எடுத்துக் கொடுத்தேன். மகாபாரதத்து மாதவியின் கதை. குருதட்சிணைக் குதிரைகளுக்காக ஓர் அரசனிடமிருந்து இன்னோர் அரசனிடம் அனுப்பப்படுகிறவள். ஏணிக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தாள், பஸ்ஸை விட்டாள், வாங்கிக்கொண்டு போனாள். பிறகு தோழிகளோடு வந்து, இவர் எழுதியது வேறென்ன இருக்கிறது என்றாள். இந்த ஊர்க்காரர்தான், பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர் என்று நான் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேறென்ன இருக்கிறது? 'காதுகள்' இருக்கிறது. 1993-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். நீ திருப்பி அனுப்பச் சொன்ன பட்டியலில் மூன்றாவது வரியில் நிற்கிறது. காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்கிற ஒருவனின் கதை; பரீட்சை நேரத்தில் கொடுக்க மாட்டேன், லீவு விடட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் அலமாரியைக் காலி செய்துவிட்டு அவளிடம் என்ன சொல்வேன்?

விலைக் கழிவு விஷயமும் சொல்லிவிடுகிறேன். பதிப்பகத்துக்காரர்கள் தருகிறதில்தான் வாடகை, கரண்டு, பார்சல் கூலி எல்லாம். கண்காட்சியில் 10 சதவீதம் வாங்கிப் பழகியவர்கள் இங்கேயும் கேட்கிறார்கள்; முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஆன்லைன் தள்ளுபடிக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. இங்கே பார்த்து, போனில் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, அங்கே வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களிலும் சிலர் திரும்ப வருகிறார்கள், அடுத்தது என்ன என்று கேட்க.

டி.என்.பி.எஸ்.சி. கைடு பற்றி நீ சொன்னது சரி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு ஒதுக்கிவிட்டேன், நன்றாகவே போகிறது. பட்டியலில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்: பழைய சமையல் குறிப்புகள், யாரும் தொடாத தன்னம்பிக்கை நூல்கள் எல்லாம் இந்த வாரமே கட்டுக் கட்டிவிடுவேன்.

கொரியரில் உனக்கு 'காதுகள்' ஒரு பிரதி வருகிறது. படித்துவிட்டு, உனக்கு யாரைப் பிடித்தது என்று எழுது. காசை ஜிபேயில் போட்டுவிடு; பிள்ளை என்பதற்காக 10 சதவீதம் கழித்துக்கொள், அதற்கு மேல் கிடையாது.

அன்புடன்,
அம்மா