மேகத்துக்குள் 178 விநாடி

ஐயா,

சிறு விமானங்கள் மேகத்துக்குள் சிக்கி விழுவது பற்றிய தங்கள் கட்டுரை, விமானிகளின் அசட்டுத் துணிச்சலையே குறை சொல்கிறது. அதைவிடப் பெரிய எதிரி, சமநிலையை உணர்த்தும் உள்காது; வெளியே எதுவும் தெரியாதபோது, சாய்ந்து பறந்தாலும் நேராகப் போவதாக அது நம்பவைத்துவிடும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில், வெளியே தெரியாதபடி மறைத்ததும், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழகாத 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில்.

அமெரிக்காவில் நான் பயிற்சி எடுத்தபோது, வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மேல் ஒரு மறைப்பை மாட்டிவிட்டார்கள். நேராகத்தான் போகிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன். விமானத்தின் சாய்வைக் காட்டும் தொடுவானக் கருவியோ, விமானம் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து கிடப்பதாகக் காட்டியது. அங்கே தனியார் விமானி உரிமத்துக்கு இப்படி 3 மணி நேரப் பயிற்சி கட்டாயம். சரி, அப்புறம்? பலருக்கு அதோடு மறந்துபோகிறது. உரிமம் பெற்றவர்கள் அங்கே 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநருடன் பறந்து காட்ட வேண்டும்; அப்போது, கருவிகளை மட்டும் பார்த்து 180 பாகை திரும்பி, வந்த வழியே மேகத்தைவிட்டு வெளியேறுவதையும் கட்டாயமாக்கலாம்.