செல்போன் பிரவுசர் வேகம்: எண்ணோடு நிபந்தனையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் தொழில்நுட்பப் பக்கங்களில் வரும் செல்போன் ஒப்பீட்டு அட்டவணைகளில் 'பிரவுசர் வேகம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஓர் எண் மட்டும் இருக்கும். எந்தச் சோதனை, அதில் எந்தப் பதிப்பு, எந்தப் பிரவுசர், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தார்கள், அப்போது போன் சார்ஜில் இருந்ததா என்று எதுவும் இருக்காது. அந்த எண்ணை நம்பி 12,000 ரூபாய் கொடுத்து போன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பதிப்பு. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் சோதனை ஸ்பீடோமீட்டர். பிரவுசர்பெஞ்ச் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் வரிகளைச் சேர்ப்பது, முடிந்ததாகக் குறிப்பது, அழிப்பது போன்ற வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிரவுசர் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது அளக்கிறது. ஆப்பிள், கூகுள், மொசில்லா உள்ளிட்டோர் சேர்ந்து உருவாக்கிய 3.0 பதிப்பு 2024 மார்ச்சில் வந்தது. செய்தித்தளம், புள்ளிவிவர வரைபடம் (சார்ட்), எழுத்துத் திருத்தி போன்ற வேலைகள் அதில் சேர்ந்தன. மதிப்பெண் போடும் முறையும் மாறியது. 2-ஆம் பதிப்பில் நூற்றுக்கணக்கில் மதிப்பெண் வாங்கும் போன் 3-ஆம் பதிப்பில் பத்துகளில்தான் வாங்கும். ஒரு போனுக்குப் பழைய பதிப்பையும் இன்னொன்றுக்குப் புதிய பதிப்பையும் எடுத்து ஒரே கட்டத்தில் போட்டால் அந்த அட்டவணைக்குப் பொருளே இல்லை. கூகுளே 2012-இல் கொண்டுவந்த ஆக்டேன் சோதனை 2017-இல் கைவிடப்பட்டது. அந்தச் சோதனையில் மதிப்பெண் ஏறுவதற்காகச் செய்த மாற்றங்கள் நிஜத் தளங்களுக்கு உதவவில்லை, சில இடங்களில் கெடுத்தன என்பதே காரணம். இன்னமும் ஆக்டேன் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. ஐபோனில் சஃபாரியையும் குரோமையும் ஓட்டி 'இது வேகம், அது மெதுவு' என்று எழுதுகிறார்கள். இந்தியாவில் விற்கும் ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் மென்பொருள், அதாவது எஞ்சின், ஆப்பிளின் வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் இந்த விதி தளர்ந்தது, இங்கே தளரவில்லை. ஆண்ட்ராய்டிலும் குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே கூகுளின் திறந்த மூல பிரவுசரான குரோமியத்தின் மேல் கட்டியவை. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் தனி எஞ்சின். ஆகவே போன்களை ஒப்பிட வேண்டுமானால் எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் ஒரே பிரவுசரின் ஒரே பதிப்பைப் போட வேண்டும். பிரவுசர்களை ஒப்பிட வேண்டுமானால் ஒரே போனில் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால், வித்தியாசம் போனால் வந்ததா பிரவுசரால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மலிவான சில போன்களில் குரோம் 64 பிட்டுக்குப் பதிலாகப் பழைய வகையான 32 பிட் பதிப்பாக ஓடுகிறது. குரோமின் வெர்ஷன் பக்கத்தில் (chrome://version) பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே இது தெரியும். அதையும் குறித்துக்கொள்வது நல்லது.

கடைக்காரர் சொல்லும் '8 கோர்' கணக்கு, அதாவது சிப்பில் கணக்கிடும் அலகுகள் எட்டு என்பது, பிரவுசருக்கு அவ்வளவாக உதவாது. ஒரு பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே இழையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஓடுகிறது. அதைச் சுமப்பது ஒரே ஒரு கோர், எனவே அந்த ஒரு கோரின் வலு என்ன என்பதுதான் கேள்வி. ஹீலியோ ஜி35 சிப்பில் 8 கோர்கள், வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ் வரை. யூனிசாக் டி606-லும் 8 கோர்கள், வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். விளம்பரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் கெட்டி என்று தோன்றும். ஆனால் ஜி35-இன் 8 கோர்களும் கார்டெக்ஸ் ஏ53 வகை. கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்து முடிக்கும் எளிய வடிவமைப்பு அது. நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வரத் தாமதமானால் பின்னால் உள்ளவையும் நிற்கும். டி606-இல் 2 கோர்கள் ஏ75 வகை. அவை காத்திருக்கும் கட்டளையை ஒதுக்கிவிட்டு அடுத்து முடிகிறதை முடிக்கும். பிரவுசரில் டி606 தெளிவாக முந்துகிறது. 2019-இல் வந்த ஐபோன் 11 இன்றைய 10,000 ரூபாய் போன்கள் பலவற்றை ஸ்பீடோமீட்டரில் தாண்டுவதற்கும் இதே ஒற்றைக் கோர் வலுதான் காரணம்.

சோதிக்கும் முறையில்தான் தவறுகள் அதிகம். புதிய போனைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சோதிக்கக் கூடாது. பின்னணியில் ப்ளே ஸ்டோர் செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஓர் இரவு சார்ஜில் விட்டு மறுநாள் எடுங்கள். பேட்டரி 50 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், சார்ஜ் ஏறும்போது போன் சூடாகும். பேட்டரி சேவர் அணைந்திருக்க வேண்டும். ஐபோனில் லோ பவர் மோட் இருந்தால் சஃபாரி அசைவுகளை நொடிக்கு 30 பிரேமாகக் குறைத்துவிடும். திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக மாற்றுங்கள். மெதுவான போனில் ஸ்பீடோமீட்டர் முடியப் பல நிமிடம் ஆகும், நடுவில் திரை அணைந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான். கவரைக் கழற்றி, போனை மேசையில் வைத்து, ஒரே அறையில் 5 முறை ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் 10 நிமிடம் ஆற விடுங்கள். முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு மற்ற நான்கையும் பாருங்கள். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு சின்ன எண் வரும். இரண்டு போன்களுக்கு இடையிலான வித்தியாசம் அந்த அளவுக்குள் இருந்தால் இரண்டும் சமம் என்றே எழுதுங்கள்.

பிறகு, ஆற விடாமல் தொடர்ந்து 10 முறை ஓட்டுங்கள். முதல் எண்ணையும் பத்தாவது எண்ணையும் சேர்த்தே அச்சிடுங்கள். சூடேறியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் எடுத்த எண் மே மாதத்து வெயிலில் பேருந்தில் கிடைக்காது. இந்தப் பத்தாவது எண் வாசகருக்கு முதலாவதைவிட அதிகம் பயன்படும்.

ஸ்பீடோமீட்டர் சொல்லாத விஷயம் ரேம். 10 செய்திப் பக்கங்களைத் தனித்தனி டேப்களில் திறந்து, கேமராவில் ஒரு படம் எடுத்து, திரும்பி வந்து, எத்தனை டேப்கள் மறுபடி முதலிலிருந்து ஏறுகின்றன என்று எண்ணுங்கள். 4 ஜிபி போனில் இது பெரிய தொல்லை. பணம் கட்டும் பக்கத்தைத் திறந்துவைத்து, ஓடிபி பார்க்க எஸ்எம்எஸ் செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். '4+4 ஜிபி' என்று பெட்டியில் எழுதியிருப்பதில் பின்னால் உள்ள 4 ஜிபி சேமிப்பகத்திலிருந்து எடுத்தது. நிஜ ரேமைவிட அது பல மடங்கு மெதுவானது, மெதுவான வகையான இஎம்எம்சி சேமிப்பகமுள்ள போனில் இன்னும் மோசம்.

பக்கம் திறக்கும் நேரத்தை அளக்க இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து ஒரே சமயத்தில் தட்டுவது தவறு. இரண்டும் ஒரே வைஃபையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பிரவுசரின் தனி உலாவல் முறையான இன்காக்னிட்டோவில் திறந்தால், முன்பு பார்த்தபோது போனில் தங்கிய பழைய சேமிப்பு குறுக்கிடாது. நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் இன்னொரு கேமராவால் படம்பிடித்து, விரல் பட்ட பிரேமிலிருந்து செய்தி தெரியும் பிரேம் வரை எண்ணுங்கள். 60 பிரேம் என்றால் கால் நொடி. ஒருவர் ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத் தடுப்பானோடும் இன்னொருவர் குரோமில் அது இல்லாமலும் அளந்தால் அங்கே வித்தியாசம் விளம்பரங்களால் வந்தது, எஞ்சினால் அல்ல.

விளம்பரம் என்றதும் உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு 3 பைட். 5,000 குறிகள் உள்ள ஒரு செய்தி 15 கிலோபைட்டுக்குள் அடங்கும், சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். அதைச் சுமந்து வரும் பக்கம் மெகாபைட் கணக்கில் போகிறது என்றால் மிச்சமெல்லாம் படம், எழுத்துரு, விளம்பர ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட்டில்தான் ஏ53 கோர் மூச்சுத் திணறுகிறது. தட்டியதற்குப் பக்கம் 200 மில்லிநொடிக்குள் பதில் சொன்னால் நல்லது, 500-ஐத் தாண்டினால் மோசம் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அடுத்த ஒப்பீட்டில் ஸ்பீடோமீட்டரோடு உங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தையும் ஒரு 4 ஜிபி போனில், 4ஜி இணைப்பில், இதே முறையில் அளந்து அச்சிடுங்கள். அட்டவணைக்குக் கீழே சோதனையின் பதிப்பு, பிரவுசரின் பதிப்பு, ஓட்டங்களின் எண்ணிக்கை, அறை வெப்பநிலை ஆகியவை ஒரு வரியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை